எம்.டி. என்ற எழுத்துக்காகத் தீவுக்குப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் உயிரியல் இளங்கலை கடைசி ஆண்டு படிக்கிறேன். ஜி.பி.ஏ. 3.6, மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் மதிப்பெண் 506. விண்ணப்பித்த எம்.டி. கல்லூரிகள் எல்லாம் கைவிரித்துவிட்டன. ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கு, அதாவது டி.ஓ. பட்டத்துக்கு, அடுத்த சுற்றில் முயற்சி செய்யலாம் என்கிறார் கல்லூரி ஆலோசகர். இதற்கிடையே கரீபியன் தீவுக் கல்லூரி ஒன்று எம்.டி. படிப்புக்கு இடம் தந்து, ஒரு மாதத்தில் முன்பணம் கட்டச் சொல்கிறது. "டி.ஓ. என்றால் யாருக்குத் தெரியும்? எம்.டி. வாங்கிக்கொண்டு வா" என்கிறார் இந்தியாவில் இருக்கும் அப்பா. எனக்கு அமெரிக்காவிலேயே டாக்டராக வேலை பார்க்க ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அப்பாவின் கவலையைப் பார்த்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் பாதி அதுதான். இந்தியாவில் எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ். முடித்தபின் மேலே படித்து வாங்குவது. அந்த நினைப்பில் அவர் பேசுகிறார். அமெரிக்காவில் எம்.டி. என்பது அடிப்படை மருத்துவப் பட்டம்தான், நம் எம்.பி.பி.எஸ். இருக்கும் இடத்தில் இருப்பது. டி.ஓ.வும் அதே படியில் நிற்கிறது. சிறப்பு மருத்துவராக ஆக்குவது இரண்டும் இல்லை, அதற்குப் பிறகு வரும் மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சி.

டி.ஓ.வின் கதை சுவையானது. தன் காலத்து மருந்துகளில் நம்பிக்கை இழந்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர், மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் 1892-இல் முதல் ஆஸ்டியோபதி கல்லூரியைத் தொடங்கினார். எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்வது அவருடைய வழி. அந்தக் கைவைத்தியம் இன்று பாடத்திட்டத்தில் சுமார் 200 மணி நேரம் மட்டும். மற்றதெல்லாம் எம்.டி. மாணவர்கள் படிக்கும் அதே உடற்கூறு, அதே மருந்தியல், அதே வார்டு. 50 மாநிலங்களிலும் டி.ஓ.க்கள் மருந்து எழுதுகிறார்கள், அறுவை சிகிச்சை செய்கிறார்கள். குழப்பம் பெயரால் வருகிறது. பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்றால் டாக்டர் அல்ல, உடலை அழுத்தி நீவிச் சிகிச்சை தருபவர். இணையத்தில் தேடிய அப்பா இதைப் பார்த்திருந்தால் அவர் மேல் தப்பில்லை.

சரி, ரெசிடென்சிக்கு வருவோம். 2020-லிருந்து எம்.டி., டி.ஓ. இருவருக்கும் ரெசிடென்சி ஒரே அங்கீகார முறையின் கீழ் வந்துவிட்டது. ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச் என்ற முறையில், 2024-இல் அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு முதல் ஆண்டு இடம் கிடைத்தது. டி.ஓ. மாணவர்களுக்கு 92.3. வெளிநாட்டுக் கல்லூரியில் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்கு 67.0. வெளிநாட்டுக் கல்லூரியில் படித்த, குடியுரிமையும் இல்லாதவர்களுக்கு 58.5. தீவுக்குப் போனால் நீங்கள் இந்தக் கடைசி வரிசையில் நிற்பீர்கள். பட்டத்தில் எம்.டி. என்று இருப்பதால் முதல் வரிசைக்கு யாரும் உங்களை மாற்றப்போவதில்லை.

இந்த எண்களைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேட்ச் சதவீதம், படிப்பைக் கடந்து, தேர்வுகளை முடித்து, எந்த ரெசிடென்சி வேண்டும் என்ற விருப்பப் பட்டியல் கொடுத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடுவது. முதல் வருடத்திலேயே வெளியேறியவர்களும், உரிமத் தேர்வின் முதல் படியைத் தாண்டாமல் நின்றவர்களும் அதில் வரமாட்டார்கள். விளம்பரத் தாளில் 90-க்கு மேல் ஒரு எண்ணைப் பார்த்தால், "உங்களிடம் முதல் நாள் சேர்ந்த 100 பேரில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் வாங்கினார்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கல்லூரிக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். எல்லாத் தீவுக் கல்லூரிகளும் மோசம் என்று நான் சொல்லவில்லை. கிரெனடாவில் இருக்கும் செயின்ட் ஜார்ஜஸ் போன்ற பழைய கல்லூரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து அமெரிக்காவில் நன்றாக வேலை பார்க்கிறார்கள். ஆனால் சேர்ப்பதில் தாராளமாக இருக்கும் இடங்களில் வடிகட்டுவது பிறகு நடக்கும், அதுவும் உங்கள் பணத்தில்.

நியாயமாக டி.ஓ. எண்ணிலும் ஒரு திருத்தம் போட வேண்டும். அந்த 92.3-இல் மிகப் பெரும்பாலோர் குடிமக்கள். விசா தரத் தயாராக இல்லாத ரெசிடென்சிகளில் உங்களால் போட்டியிடவே முடியாது. தோல் நோய், நரம்பு அறுவை போன்ற துறைகளில் டி.ஓ.க்களுக்கு இன்னும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. டி.ஓ.க்களுக்கான காம்லெக்ஸ் என்ற உரிமத் தேர்வோடு, எம்.டி.க்களின் உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யையும் பலர் சேர்த்து எழுதுகிறார்கள். குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் என்றால் இந்தக் கவலை மிகக் குறைவு.

விசா விஷயத்தில்தான் இரண்டு வழிக்கும் உண்மையான தூரம் தெரிகிறது. இதை யாரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. டி.ஓ. முடித்தால் நீங்கள் அமெரிக்கக் கல்லூரிப் பட்டதாரி. எஃப்-1 மாணவராகவே ரெசிடென்சியின் முதல் 12 மாதத்தை, படிப்பு முடித்த மாணவர்களுக்குத் தரும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதியில் செய்யலாம், பிறகு மருத்துவமனை எச்-1பி வேலை விசாவுக்கு மாற்றலாம். பல்கலைக்கழகத்தோடு இணைந்த, லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் பலவற்றுக்கு எச்-1பி-யைக் குலுக்கலில் பெறும் கட்டாயம் கிடையாது. தீவில் படித்தவரோ முதலில், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளைச் சரிபார்க்கும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பின் சான்றிதழ் வாங்க வேண்டும். எச்-1பி வேண்டுமானால் ரெசிடென்சிக்கு முன்பே யு.எஸ்.எம்.எல்.இ. மூன்றாம் படியையும் முடித்திருக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் ஜே-1 என்ற பரிமாற்றப் பயிற்சி விசாதான். ஜே-1 என்றால் பயிற்சி முடிந்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். இல்லையேல் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் 3 ஆண்டு வேலை செய்து விலக்கு வாங்க வேண்டும். மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் என்ற திட்டத்தில் அந்த விலக்குக்கும் போட்டி உண்டு. போதாக்குறைக்கு, வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி-யில் வருபவருக்கு வேலை தருபவர் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். உள்நாட்டிலேயே எஃப்-1-லிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள். இவை நாளை மாறலாம். ஆனால் உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்ற பிரிவு மட்டும் மாறுவதேயில்லை.

இப்போது பணம். டி.ஓ. கல்விக் கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்கு 60,000 டாலரைச் சுற்றி. உங்களுக்கு அரசுக் கல்விக்கடன் கிடையாது. தனியார் வங்கிகள் பெரும்பாலும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ பிணை நின்றால்தான் பேசுவார்கள். சில கல்லூரிகள் ஓராண்டு முதல் நான்காண்டு வரையிலான கட்டணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் கட்டிவைக்கச் சொல்லும். 40-க்கும் மேற்பட்ட டி.ஓ. கல்லூரிகளில் எல்லாமே வெளிநாட்டவரைச் சேர்ப்பதுமில்லை. அதனால் கல்லூரிப் பட்டியல் போடுவதற்கு முன், பிணை நிற்க யார் இருக்கிறார்கள், கையில் எவ்வளவு என்று அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். எழுத்தைப் பற்றிய சண்டையைவிட இந்தப் பேச்சு அவருக்கும் உங்களுக்கும் உதவும். பணம் அறவே முடியாது என்றால் டி.ஓ.வும் இல்லை, தீவும் இல்லை. அங்கேயும் கட்டணம் மலிவல்ல.

பின்னால் இந்தியா திரும்பும் எண்ணம் வந்தால்? அங்கே 2021 நவம்பரில் வந்த விதி, வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும் என்கிறது. நான்காண்டுப் படிப்பு எதுவானாலும், டி.ஓ.வோ தீவு எம்.டி.யோ, அதில் இடிக்கும். எழுத்து எம்.டி. என்பதால் அங்கேயும் சலுகை இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் டி.ஓ.வுக்கே விண்ணப்பிப்பேன். 506 என்பது டி.ஓ. கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரியைவிடச் சற்று மேல், உங்கள் ஜி.பி.ஏ.வும் அவர்களுடையதை ஒட்டித்தான் இருக்கிறது. விண்ணப்பம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும், வருகிற வரிசையில் பார்ப்பார்கள், ஆகவே முதல் வாரங்களிலேயே அனுப்புங்கள். டி.ஓ. மருத்துவர் ஒருவருடன் சில நாள் கூடவே இருந்து பார்த்து, அவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். பல கல்லூரிகள் அதை எதிர்பார்க்கின்றன. இடைப்பட்ட ஓராண்டுக்கு உங்கள் இளங்கலை ஓ.பி.டி. இருக்கிறது. பட்டம் முடிந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அது போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம், அந்த ஒரு மாதக் கெடு. கரீபியன் கல்லூரிகள் பலவும் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை சேர்க்கை நடத்துகின்றன. அடுத்த சேர்க்கைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.