குழந்தைக்கு சோப்பு வாங்கும்போது டப்பாவோட பின்பக்கத்த படிங்க

கடலூர் கூத்தப்பாக்கத்துலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையனுக்கு 5 மாசம். ரெண்டு கன்னமும் செவந்து சொரசொரன்னு இருக்கு, கை கால் வெளிப்பக்கமும் அப்படித்தான், ராத்திரி கன்னத்த மெத்தையில தேய்ச்சிக்கிட்டே தூங்குறான். வீட்ல போர் தண்ணி, உப்பு ஜாஸ்தி. மாமியார் பயத்தமாவுல கஸ்தூரி மஞ்சள் கலந்து தேய்ச்சுதான் குளிப்பாட்டணும்ங்கறாங்க, வீட்டுக்காரர் பாண்டிச்சேரி போய் ஹேண்ட்மேட் சோப்பும் லாவெண்டர் ஆயிலும் வாங்கிட்டு வந்திருக்கார், பேர் வைக்கிற ஃபங்ஷன்ல வந்த பேபி கிஃப்ட் செட்டு வேற பீரோவுல அடுக்கி வெச்சிருக்கு. இவங்களுக்கும் சென்சிடிவ் ஸ்கின்தான், பாத்திரம் தேய்ச்சா வெரல் வெடிக்குதாம். "இதுல எத யூஸ் பண்றது, எத தூக்கிப் போடுறது, எந்த பிராண்டு டாக்டர் நல்லது?"

கடைசி கேள்விய முதல்ல முடிச்சிடறேன்மா. பிராண்டு பேர் சொல்ல மாட்டேன், சொன்னாலும் உங்களுக்கு உதவாது, ஏன்னா ஒரே கம்பெனியில ஒரு லோஷன் வாசனையே இல்லாம நல்லா இருக்கும், பக்கத்துலயே அதே கலர் டப்பாவுல இன்னொன்னு கமகமன்னு சென்ட் போட்டு நிக்கும், நீங்க பிராண்டு பேர மட்டும் ஞாபகம் வெச்சிட்டுப் போனா கடைக்காரர் எத எடுத்துக் குடுக்கறாரோ அதான். அதனால டப்பாவ திருப்பிப் படிக்கக் கத்துக்கோங்க, அது ஒண்ணு போதும்.

முன்பக்கத்துல "ஹைப்போஅலர்ஜெனிக்"னு, அதாவது அலர்ஜி வர வாய்ப்பு கம்மின்னு, பெருசா போட்டிருப்பான். அதுக்குன்னு சட்டத்துல ஒரு அளவுகோலே கிடையாது, கம்பெனி தானா போட்டுக்கறதுதான். "டெர்மடாலஜிக்கலி டெஸ்டட்"னா டெஸ்ட் பண்ணாங்கன்னு மட்டும்தான் அர்த்தம், பாஸ் ஆச்சான்னு அதுல இல்ல. "நேச்சுரல்", "நோ கெமிக்கல்" இதெல்லாம் விட்டுடுங்க, தண்ணியே கெமிக்கல்தான். "அன்சென்டட்"னு ஒண்ணு போடுவான், இதுல நெறைய பேர் ஏமாந்துடறாங்க, வாசனை வராத மாதிரி அமுக்கறதுக்கே உள்ள வேற ஒரு வாசனைப் பொருள் போட்டிருக்கலாம். நமக்கு வேண்டியது "ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ". அதையும் நம்பிடாம பின்னாடி பொடி எழுத்துல இருக்கற இன்கிரீடியன்ட்ஸ்ல ஃப்ராக்ரன்ஸ், பர்ஃப்யூம், அப்புறம் லினலூல், லிமோனின்ங்கற வாசனைப் பொருள் இதுல ஏதாவது இருக்கான்னு பாருங்க. பொதுவா லிஸ்ட்டோட கடைசிப் பகுதியில வரும், மொபைல்ல ஃபோட்டோ எடுத்து ஜூம் பண்ணிக்கோங்க, வெறும் கண்ணால படிக்க முடியாத சைஸ்லதான் அச்சடிப்பான்.

வாசனைக்கு ஏன் இவ்ளோ சொல்றேன்னா, காஸ்மெட்டிக் அலர்ஜின்னு வர்றதுல முக்கியமான காரணமே அதுதான். குழந்தைக்கு அந்த வாசனையால ஒரு பிரயோஜனமும் இல்ல, தூக்கிக் கொஞ்சற நமக்காகப் போடறது.

இப்ப லாவெண்டர் ஆயில். செடியிலேர்ந்து வந்ததுன்னாலும் அதுவும் வாசனைப் பொருள்தான், சொல்லப்போனா கலப்படமே இல்லாத கெட்டியான வாசனைப் பொருள். அதுல இருக்கற லினலூல் காத்து பட்டுப் பட்டு பழசாகும்போது அலர்ஜி குடுக்கற தன்மை இன்னும் கூடும், மூடி தொறந்து மாசக்கணக்கா அலமாரியில நிக்கற பாட்டில் ரொம்ப மோசம். பையன் மேல வேண்டாம். ஹேண்ட்மேட் சோப்பும் அதே கதைதான், ஆரோவில் பக்கம் அழகழகா பண்றாங்க, நானே வாங்கி ஊருக்கு கிஃப்ட்டா குடுப்பேன், ஆனா எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சின எந்த சோப்பா இருந்தாலும், கையால பண்ணாலும் மெஷின்ல பண்ணாலும், அதோட பிஎச், அதாவது அமிலமா காரமான்னு சொல்ற அளவு (7 நடுநிலை, கீழ போனா அமிலம், மேல போனா காரம்), 9, 10ன்னு நிக்கும். நம்ம தோலுக்கு அது 5 சொச்சம். பொறந்தப்ப குழந்தை தோல் கிட்டத்தட்ட நடுநிலையில இருந்து, சில வாரத்துல மெதுவா அமிலப் பக்கம் எறங்கும், அந்த அமிலத் தன்மைதான் கிருமிய அண்டவிடாம, ஈரத்த வெளிய விடாமப் பாத்துக்குது. அதுமேல தெனமும் காரத்தப் போட்டு அலசினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

டிஎஃப்எம் 76 சதவீதம், கிரேடு ஒண்ணு, அதனால குழந்தைக்கு நல்லதுன்னு ஒரு பேச்சு ரொம்ப ஓடுது. டிஎஃப்எம்ங்கறது சோப்புல கொழுப்பு எவ்ளோன்னு சொல்ற தரக் கணக்கு. மாவு கல்லு கலந்து ஏமாத்தலன்னு தெரிஞ்சுக்கலாம், அவ்ளோதான். 80 இருந்தாலும் அது சோப்பு, பிஎச் எறங்காது.

உங்க தண்ணி விஷயம் இதோட சேர்ந்ததுதான். கடற்கரை ஓரத்துல நெறைய வீட்ல போர் தண்ணி உப்பு, சோப்பு போட்டா நுரையே வராது, பக்கெட் ஓரத்துல வெள்ளையா பிசுக்கு மாதிரி ஒரு படலம் ஒட்டிக்கும் பாருங்க, தண்ணியில இருக்கற கால்சியமும் சோப்பும் சேர்ந்து உண்டாகறது அது. அந்தப் படலம் பக்கெட்ல மட்டும் ஒட்டல, பையனோட கழுத்து மடிப்புலயும் ஒட்டுது, ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தினா போகாது. அதனால உங்க வீட்டுக்கு சோப்பே வேண்டாம், சின்டெட்னு சொல்ற சோப்பில்லாத கிளென்சர் வாங்குங்க, பாராகவும் வருது, லிக்விடாகவும் வருது. பின்னாடி சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட், டெசைல் குளுக்கோசைட், கோகோ குளுக்கோசைட் மாதிரி பேர் இருக்கும், "பிஎச் 5.5"னு போட்டிருப்பான், உப்புத் தண்ணியில இது அந்தப் படலத்த உண்டாக்காது. சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தா வெச்சுட்டு வந்துடுங்க. சோடியம் பாமேட், சோடியம் டாலோவேட், சோடியம் பாம் கெர்னலேட்னு இருந்தா அது சோப்பு, மேல எத்தன பால் படம் போட்டிருந்தாலும் சரி.

தண்ணியவே மாத்திடலாம்னு பாத்ரூம்ல சாஃப்ட்னர் மாட்டச் சொல்லி வீட்டு வாசலுக்கே வருவாங்க. பிரிட்டன்ல எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு செவந்து அரிக்கற நோய், இருக்கற 336 குழந்தைங்க வீட்ட எடுத்து, பாதி வீட்ல சாஃப்ட்னர் மாட்டி, பாதி வீட்ல மாட்டாம பாத்தாங்க, 2011ல ரிசல்ட் வந்துச்சு, எக்ஸிமாவுல ஒரு வித்தியாசமும் இல்ல. அந்தக் காச க்ரீமுக்கு வெச்சுக்கோங்க. வேணும்னா கடைசியா ஊத்தற ஒரு சொம்பு மட்டும் கேன் தண்ணியா இருக்கட்டும், ஆய்வுல நிரூபிச்சதுன்னு சொல்ல மாட்டேன், உப்பு கொஞ்சம் அலசிப் போகட்டுமேன்னு சொல்றேன்.

கிளென்சர ஒடம்பு பூரா தேய்க்க வேண்டாம். 5 மாசக் குழந்தை எந்த வயல்ல எறங்கி வேல செஞ்சான்? கழுத்து மடிப்பு, அக்குள், டயப்பர் கட்டற எடம், இங்க மட்டும் கொஞ்சம் போட்டா போதும், மத்த எடத்துக்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணி. அஞ்சு நிமிஷம், மிஞ்சிப் போனா பத்து. தண்ணியில ஆன்டிசெப்டிக் லிக்விட் ரெண்டு சொட்டு விடற பழக்கம் இருந்தா இன்னையோட நிறுத்திடுங்க, அது எரிச்சல்தான் குடுக்கும்.

மாமியார் சொல்றதுக்கு வர்றேன், அவங்ககிட்ட சண்டை போடாதீங்க, பயத்தமாவு ஒண்ணும் விஷம் இல்ல, அவங்க காலத்துல சோப்ப விட அது எவ்வளவோ மேல். ஆனா இப்ப பையன் தோல் வெடிச்சிருக்கு, சொரசொரப்பான மாவ அதுமேல தேய்ச்சா இன்னும் கீறும். இன்னொரு காரணமும் இருக்கு, அது கொஞ்சம் பெரிய விஷயம். சாப்பாட்டுப் பொருளோட புரதம் புண்ணான தோல் வழியா உள்ள போனா, ஒடம்பு அத எதிரியா நெனச்சு அந்தச் சாப்பாட்டுக்கே அலர்ஜி ஆகலாம். ஜப்பான்ல கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு மொகச் சோப்பு இருந்துச்சு, அதப் போட்டவங்கள்ல 2,000 பேருக்கு மேல கோதுமை அலர்ஜி வந்து, 2011ல சோப்பையே கடையிலேர்ந்து திரும்ப எடுத்தாங்க, அதுவரைக்கும் நல்லா ரொட்டியும் நூடுல்ஸும் தின்னவங்க அவங்க. வேர்க்கடலை எண்ணெய் தடவின எக்ஸிமா குழந்தைங்களுக்கு வேர்க்கடலை அலர்ஜி அதிகமா இருந்ததையும் ஆய்வுல பாத்திருக்காங்க. அதனால தோல் ஆறற வரைக்கும் பயத்தமாவு, கடலமாவு, பாதாம், பால் ஏடு எதுவும் வேண்டாம்னு சொல்லுங்க, "டாக்டர் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொன்னாங்க"ன்னு பழிய என் மேல போட்டுடுங்க. கஸ்தூரி மஞ்சளும் சில பேருக்கு அலர்ஜி குடுக்கும், அதுவும் இப்ப வேண்டாம். குளிச்சதும் சாம்பிராணி காட்றது இருந்தா அதையும் தள்ளி வைங்க, புகை மூச்சுக்கு ஆகாது.

அவங்க மனசு கோணாம இருக்க ஒரு வழி இருக்கு, எண்ணெய் தேய்க்கற வேலைய அவங்ககிட்ட குடுங்க. தேங்காய் எண்ணெய் நல்லதுதான், பிலிப்பைன்ஸ்ல எக்ஸிமா குழந்தைங்களுக்குத் தடவிப் பாத்து மினரல் ஆயில விட நல்லா வேல செஞ்சதா ஆய்வு இருக்கு. செக்குல ஆட்டினது, இல்லன்னா சமையல் எண்ணெய்னு லேபிள் இருக்கற பாட்டில் வாங்குங்க, மல்லி வாசனை போட்ட ஹேர் ஆயில் கணக்குல வராது. காசு குடுத்து ஆலிவ் ஆயில் வாங்காதீங்க, அதுல இருக்கற ஒலியிக் ஆசிட் தோலோட தடுப்பையே கெடுக்குது, கடுகெண்ணெயும் அப்படித்தான். தடவும்போது அழுத்தித் தேய்க்காம சும்மா வழிச்சு விட்டா போதும்.

எண்ணெய் மட்டும் பத்தாது, மாய்ஸ்சரைசர் வேணும். குளிப்பாட்டி, துண்டால ஒத்தி எடுத்து (தேய்க்கக் கூடாது), தோல் லேசா ஈரமா இருக்கும்போதே மூணு நிமிஷத்துக்குள்ள போட்டுடணும், அப்புறம் சாயந்தரம் ஒரு தடவ. கஞ்சத்தனமா தொட்டுத் தொட்டு வைக்காதீங்க, தோல் பளபளன்னு தெரியணும். கிளிசரின், செராமைட், ஒயிட் சாஃப்ட் பாரஃபின் இருக்கறது நல்லது. மெடிக்கல்ல கெடைக்கற வாசனையில்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியே போதும், வெலையும் கம்மி, அதுல பிரிசர்வேட்டிவ் (கெட்டுப் போகாம இருக்கப் போடற பொருள்) தேவையே இல்லங்கறதால அலர்ஜி பயமும் கம்மி. ஆனா நம்ம ஊர் புழுக்கத்துல, அதுவும் கத்திரி வெயில்ல, ஜெல்லிய ஒடம்பு முழுக்க அப்பினா வேர்வை அடைச்சு வேர்க்குரு கெளம்பிடும், அதனால சித்திரை வைகாசியில க்ரீமோ லோஷனோ போட்டுட்டு ஜெல்லிய கன்னத்துக்கும் சொரசொரப்பு இருக்கற எடத்துக்கும் மட்டும் வைங்க, மார்கழிப் பனியில ஒடம்பு பூரா போடலாம்.

பேராபென் இருக்கே, பயப்படணுமான்னு நெறைய பேர் கேக்கறாங்க. தோல் அலர்ஜின்னு பாத்தா பேராபென் ரொம்ப சாதுவான பிரிசர்வேட்டிவ், 2019ல அமெரிக்க காண்டாக்ட் டெர்மடைட்டிஸ் (ஏதாவது பட்டு வர்ற தோல் அழற்சி) சங்கமே அத "இந்த வருஷத்தோட அலர்ஜி இல்லாத பொருள்"னு அறிவிச்சாங்க. நீங்க தேடிப் பாத்து ஒதுக்க வேண்டியது மெத்தில்ஐசோதையசோலினோன்ங்கற இன்னொரு பிரிசர்வேட்டிவ், பேபி வைப்ஸ்ல எட்டிப் பாக்கும், தோல்ல அப்படியே விடற பொருள்ல இத ஐரோப்பாவுல 2017லேர்ந்து தடை பண்ணிட்டாங்க. வீட்ல இருக்கும்போது வைப்ஸே எதுக்கு, பஞ்சும் தண்ணியும் இருக்கு.

கிஃப்ட் செட்டுல பவுடர வெளிய எடுங்க. குழந்தை மூச்சுல இழுத்துக்கும், மடிப்புல வேர்வையோட சேர்ந்து களிம்பாகும், டால்க்கா சோளமாவான்னு ஆராய்ச்சியே வேண்டாம், பெரியவங்க கேரம்போர்டுக்கு வெச்சுக்கட்டும். மீதிய பின்பக்கம் படிச்சு, வாசனை இல்லாதது இருந்தா எக்ஸ்பயரி தேதி பாத்து எடுத்து வைங்க. எது புதுசா வாங்கினாலும் மொதல்ல முன்னங்கை உள்பக்கம், தோல் நல்லா இருக்கற எடத்துல, ஒரு ரூபா காசு அளவுக்கு தெனம் ரெண்டு வேளை ஒரு வாரம் போட்டுப் பாருங்க. குளிக்கற லிக்விடா இருந்தா அத அங்க வெச்சு உடனே கழுவிடணும். செவக்கலன்னா ஒடம்புக்குப் போகலாம். ஒரே நாள்ல மூணு புதுப் பொருள் ஆரம்பிச்சா எதுனால வந்துச்சுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, என்னாலயும்தான்.

மெடிக்கல்ல போய் "குழந்தைக்கு செவப்பா இருக்கு"ன்னு சொல்லி க்ரீம் மட்டும் வாங்கிடாதீங்க. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூணும் கலந்த ட்யூப் தூக்கிக் குடுப்பாங்க, ரெண்டு நாள்ல பளிச்சுன்னு ஆகும், நிறுத்தினா ரெண்டு மடங்கா வரும். 2018லேர்ந்து இந்த ஸ்டீராய்டு க்ரீம் பலதையும் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு. அதுக்காக டாக்டர் பாத்து மைல்டா ஒண்ணு எழுதிக் குடுத்தா பயந்துக்கிட்டு போடாம விடாதீங்க, சொன்ன நாள் சொன்ன அளவு போட்டா நல்லதுதான்.

நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா எக்ஸிமா மாதிரி தெரியுது, இந்த வயசுல கன்னமும் கை கால் வெளிப்பக்கமும்தான் அது வழக்கமா வர்ற எடம், டயப்பர் எடம் பெரும்பாலும் தப்பிச்சிடும். ஆனா எழுத்துல படிச்சு முடிவு பண்ண முடியாது, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலயோ பாண்டிச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரி தோல் ஓபியிலயோ ஒரு தடவ நேர்ல காட்டிடுங்க. தண்ணி கசிஞ்சு மஞ்சளா பொறுக்கு கட்டினா தள்ளிப் போடாதீங்க, காய்ச்சலோட சின்னச் சின்ன கொப்புளம் கூட்டமா வந்தா அன்னைக்கே, ராத்திரியா இருந்தாலும் கெளம்பிடணும்.

உங்க கைக்கு: பாத்திரம் தேய்க்கும்போது உள்ள பருத்திக் கையுறை, அதுமேல ரப்பர் கையுறை, முடிச்சதும் க்ரீம். நீங்க கையில போடறது எல்லாம் பையன் கன்னத்துக்குத்தான் போகுது, வாசனை க்ரீம் போட்ட கையால தூக்கினா அவனுக்கு வாங்கின ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ எல்லாம் வீண், வீட்டுக்காரர் ஷேவ் பண்ணிட்டுப் போடற லோஷனும் அப்படித்தான். அவனுக்கு ஒத்துக்கிட்ட க்ரீமையே நீங்களும் போட்டுக்கோங்க, டப்பாவுக்குள்ள வெரல விடாத மாதிரி பம்ப் வெச்ச பாட்டில்ல பெரிய சைஸா பாத்து வாங்கிடுங்க.