வாசகர் கேள்விகள்: ஆய்வகக் கதவுக்கு உள்ளே

(இயற்பியல் ஆய்வகம் ஒன்றின் பொறுப்பில் இருக்கும் விஞ்ஞானி இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஆய்வகத் தலைவர் என்றால் நாள் முழுக்க ஆராய்ச்சிதானா?

பதில்: இல்லை. பாதி நேரம் தண்ணீர்க் குழாய், மின்சாரம், பழுதான பம்பு என்றே போகும். காலையில் வந்ததும் முதலில் புரட்டுவது லாக்புக்கை. ராத்திரி வெற்றிடக் கலனில் அழுத்தம் ஏறியதா, லேசரைக் குளிர்விக்கும் தண்ணீரின் ஓட்டம் குறைந்ததா, யார் எந்த வால்வைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘எல்லாம் சரி’ என்று மட்டும் எழுதியிருந்தால், எழுதியவரைக் கூப்பிட்டு அழுத்தம் எவ்வளவு என்று கேட்பேன். இதெல்லாம் விஞ்ஞானியின் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. அழுத்தம் ஏறியதே தெரியாமல் எடுத்த அளவீட்டை வைத்துக்கொண்டு என்ன இயற்பியல் பேச முடியும்?

கேள்வி: உங்களை மிகவும் கவலைப்பட வைப்பது எது? கதிரியக்கம்தானே?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கதிரியக்கத்தை அளக்கக் கருவி இருக்கிறது, சட்டையில் குத்திக்கொள்ள அளவுப்பட்டை இருக்கிறது, பணியாளர்களுக்கு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற சர்வதேச வரம்பும் இருக்கிறது. எல்லோரும் பயப்படுவதாலேயே அதில் கவனமாகவும் இருக்கிறார்கள். என் தூக்கத்தைக் கெடுப்பது திரவ நைட்ரஜன்.

மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கிற திரவம் அது. தோலில் பட்டால் புண்ணாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு வரும் என்பதுதான் மறந்துபோகிறது. அந்த வாயு அறைக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடும். நமக்கு மூச்சுத் திணறல் தெரிவது முக்கியமாக உடம்பில் கரியமில வாயு சேர்வதால்தான். நைட்ரஜன் நிறைந்த அறையில் கரியமில வாயு வழக்கம்போல் வெளியேறிக்கொண்டே இருக்கும்; அதனால் திணறல் வராது, வாசனையும் கிடையாது. ஆக்ஸிஜன் மிகவும் குறைந்துவிட்டால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். விழுந்தவரைத் தூக்க ஓடுகிறவரும் பக்கத்திலேயே விழுவார்.

அதனால் எங்கள் ஆய்வகத்தில் நைட்ரஜன் கலன் லிஃப்டில் தனியாகத்தான் போகும். கீழே ஒருவர் கலனை உள்ளே தள்ளி, ‘யாரும் ஏறக்கூடாது’ என்ற பலகையைக் குறுக்கே மாட்டி, பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுவார். மேலே இன்னொருவர் காத்திருந்து இறக்குவார். நடுவில் லிஃப்ட் நின்றுபோனாலும் உள்ளே ஆள் இருக்க மாட்டார். புதிதாகச் சேருகிறவர்கள், ‘ஒரு மாடிதானே, கூடவே போய்விடுகிறேனே’ என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அறைக் காற்றில் ஆக்ஸிஜன் வழக்கமான 20.9 சதவீதத்திலிருந்து 19.5க்குக் கீழே இறங்கினால் மணி அடிக்கும். மணி அடித்தால் ஏன் என்று பார்க்க உள்ளே போகக் கூடாது. எல்லோரும் வெளியேற வேண்டும்.

கேள்வி: உலகின் பெரிய ஆய்வகங்களிலும் விபத்து நடக்கிறதா?

பதில்: நடக்கிறது. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே, நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் தேடும் ஆய்வகம். அங்கே 2001 நவம்பர் 12 அன்று தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அடியில், மங்கலான ஒளியையும் உணரும் கண்ணாடிக் குழாய் (ஒளி உணர்குழாய்) ஒன்று நொறுங்கியது. அந்த அதிர்ச்சி அலையில் அடுத்தது, அதற்கடுத்தது என்று சுமார் 11,000 குழாய்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. எஞ்சியவற்றைப் பரவலாக மாற்றிப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் கவசம் போட்டு, அடுத்த ஆண்டே மறுபடி அளக்கத் தொடங்கினார்கள். 2008 செப்டம்பர் 19இல் செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வு மையத்தில், துகள்களை மோதவிடும் பெரிய மோதுவிப்பானில் இரண்டு காந்தங்களுக்கு நடுவே இருந்த ஒரே ஒரு மின் இணைப்பு பழுதானது. காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் டன் கணக்கில் வெளியேறியது. கனத்த காந்தங்களே இடம்பெயர்ந்தன. மறுபடி ஓடவைக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. இரண்டு இடத்திலும் நடந்ததை மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த அறிக்கைகளை என் மாணவர்களுக்குக் கட்டாயம் படிக்கக் கொடுக்கிறேன்.

கேள்வி: என் மகள் லேசர் ஆய்வகத்தில் சேர்ந்திருக்கிறாள். பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்களாம். போதுமா?

பதில்: எந்தக் கண்ணாடி என்று கேட்கச் சொல்லுங்கள். எந்த அலைநீளத்தைத் தடுக்கும் என்பது அதன்மேலேயே பொறித்திருக்கும். பச்சை ஒளிக்கான கண்ணாடி 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கற்றையைத் தடுக்காமல் போகலாம். அந்தக் கற்றை கண்ணுக்குத் தெரியாததால் இமை தானாக மூடாது. கண்ணின் வில்லையோ அதை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். மோதிரம், கைக்கடிகாரம் போன்ற பளபளக்கும் எதையும் மேசையருகே போடக் கூடாது. கீழே விழுந்த திருகாணியை எடுக்கக் குனியும் முன் கற்றையை மறைத்துவிட வேண்டும். குனிந்து நிமிரும்போது கண் நேராகக் கற்றையின் உயரத்துக்கு வரும். இதையெல்லாம் அவளுக்கு யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்களா? அது முக்கியம்.

கேள்வி: நான் ஆராய்ச்சி மாணவன். உயர் மின்னழுத்தக் கருவியில் இரவில் தனியாக வேலை செய்யச் சொல்கிறார் என் வழிகாட்டி. மறுத்தால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம்.

பதில்: தம்பி, தனியாகச் செய்யாதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கியில் (கெப்பாசிட்டர்) அது தங்கியிருக்கும். ஒருமுறை தரையிணைப்புக் கோலால் (மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கும் கோல்) தொட்டு இறக்கிய பிறகும், உள்ளிருக்கும் மின்காப்புப் பொருளிலிருந்து கொஞ்சம் மீண்டும் ஊறி வரும். அதனால்தான் வேலை முடியும்வரை கோலை அதன்மேலேயே மாட்டி வைக்கிறோம். நீங்கள் அடிபட்டால் மின்சாரத்தை நிறுத்தவும் ஆள் அழைக்கவும் இன்னொருவர் அந்த அறையில் இருந்தே ஆக வேண்டும்.

வழிகாட்டியிடம் ‘முடியாது’ என்று தொடங்க வேண்டாம். ‘ராத்திரி தரவை அலசுகிறேன் சார், கருவியைத் திறக்கிற வேலையை நண்பர் வந்ததும் காலையில் செய்கிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் கருவியின் பெயர், தேதி, உங்களிடம் சொன்னது என்ன என்பதை எழுதி, துறையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.