காசி பிரசாத் ஜெயஸ்வால் யார், வரலாற்றில் அவர் ஏன் முக்கியம்?

1881-இல் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, பாரிஸ்டராகி, பாட்னா உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர். இந்தியர்களுக்கு மன்னராட்சியைத் தவிர வேறெதுவும் பழக்கமில்லை என்று ஆங்கிலேயர் சொல்லிவந்த காலம் அது. அதை மறுக்க லிச்சவிகள் போன்ற கண, சங்க அரசுகளை, அதாவது ஒரே மன்னரின் கீழ் இல்லாமல் அவை கூடி ஆண்ட பழைய குடியரசுகளை, சான்றாக வைத்து, 1924-இல் 'ஹிந்து பாலிட்டி' என்ற நூலை வெளியிட்டார். பௌர-ஜானபத (நகர, நாட்டுப்புற மக்களின்) அவைகளை இன்றைய நாடாளுமன்றம் போலவே அவர் காட்டியது மிகைதான். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆனாலும் பழைய குடியரசுகளைப் பற்றி நாட்டையே பேசவைத்தது பெரிய காரியம்.

அப்புறம், தமிழர்களான நமக்கும் அவரிடம் ஒரு கடன் உண்டு. ஒடிசாவில் பழங்காலக் கலிங்க மன்னன் காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டைப் பல ஆண்டுகள் உழைத்துப் படித்தார். தொல்லியல் அறிஞர் ராக்கல்தாஸ் பானர்ஜியும் உடனிருந்தார். தமிழ் அரசர்களின் கூட்டணியைக் காரவேலன் உடைத்த செய்தி அந்தக் கல்வெட்டில்தான் இருக்கிறது.