பையன் கையில் காசைக் கொடுங்கள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நாங்கள் சென்னை மேடவாக்கத்தில் இருக்கிறோம். லீவு விட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்று போய், மலைப்பாதையில் கார்களுக்குப் பின்னால் நின்றே அலுத்துவிட்டது. இந்தக் காலாண்டு விடுமுறையில் சின்னதாக, அழகாக இருக்கும் ஊர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று திட்டம். தென்காசி, குற்றாலம், சுந்தரபாண்டியபுரம், செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர். மூன்று நாள், சொந்தக் கார். மாமியாரும் வருகிறார், அவருக்குக் கோயில் வேண்டும். செங்கோட்டையில் பார்க்க ஒன்றும் இல்லை என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள், அதை விட்டுவிடலாமா? போன வருடம் காரைக்குடி போனபோது அரை மணி நேரத்தில் "இங்க என்னம்மா இருக்கு, போலாமா" என்று பையன் (10 வயது) ஆரம்பித்துவிட்டான். பெண்ணுக்கு 6 வயது, அண்ணன் சொல்வதைத்தான் அவளும் சொல்வாள். போன் கொடுக்காமல் இவர்களை எப்படிச் சமாளிப்பது? அருவியில் குளிக்க விடலாமா? எங்கே தங்குவது நல்லது?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், படம் போட்டுச் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் கடிதம் வந்த வாரம் என் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். உங்கள் பையன் வயதுதான். அவனைப் பார்த்து எதை யோசித்துக்கொண்டிருந்தேனோ, அதிலேயே நீங்களும் வந்து கை வைத்துவிட்டீர்கள்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். மாமியாருக்குத் தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் போதும். கோபுர வாசலில் அடிக்கிற காற்றுக்கே அவர் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி ஆடி ஆவணியில்தான். நீங்கள் வரும்போது காய்ந்த தண்டு நிற்கும், விட்டுவிடுங்கள். அருவியில் குளிக்கலாம், ஆனால் போலீஸ்காரர் ஏறு என்றால் அந்த நொடியே ஏறிவிட வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. மழை மேலே மலையில் பெய்யும், கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

செங்கோட்டையில் ஒன்றும் இல்லையாம். யாரம்மா இதையெல்லாம் எழுதுகிறார்கள்? 1956 நவம்பர் 1 வரைக்கும் அது திருவிதாங்கூர்ச் சீமை. அந்தச் சமஸ்தானத்தின் சங்கு முத்திரை வைத்த வளைவு இன்றைக்கும் சாலையில் நிற்கிறது. 1911இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் அந்த ஊர்க்காரர். சரி, இதையெல்லாம் பிள்ளைகளை நிற்கவைத்து ஒப்பிக்காதீர்கள். அதுவும் அவர்களுக்குத் தண்டனைதான்.

கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். மூன்று நாளில் ஏழு ஊர். கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? பிள்ளைகளைப் பார்சல் மாதிரி ஏற்றுகிறீர்கள், இறக்குகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், திரும்ப ஏற்றுகிறீர்கள். அப்புறம் "போலாமா" என்று கேட்கிறான் என்று வருத்தப்படுகிறீர்கள். அவன் வேறு என்ன கேட்பான்? அந்த ஊரில் அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. காரைக்குடியில் அத்தனை பெரிய வீட்டுத் தூணை அண்ணாந்து பார்த்துவிட்டு அவன் என்ன செய்ய வேண்டும்? பெரியவர்களுக்கு அழகைப் பார்த்துக்கொண்டே நிற்க முடியும். பிள்ளைகளால் முடியாது, முடியவும் கூடாது.

போன ஆவணியில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஒரு வரப்பில் நின்றிருந்தேன். கேரளத்திலிருந்து வரிசையாக வண்டிகள். ஒரு சின்னப் பெண்ணுக்கு மஞ்சள் கவுன் போட்டு, பூவுக்கு நடுவே நிறுத்தி, வெயிலைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள். அவளுக்குக் கண் கூசுகிறது, காலில் ஏதோ குத்துகிறது, வயல்காரம்மா அந்தப் பக்கமிருந்து "செடியை மிதிக்காதீங்க" என்று கத்துகிறார். படம் நன்றாகத்தான் வந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு அந்த ஊர் என்றால் என்ன ஞாபகம் இருக்கும்? கவுன் அரித்தது.

என் மாமா செங்கோட்டையிலிருந்து புனலூருக்குக் காய்கறி கொண்டுபோவார். மீட்டர் கேஜ் ரயில் காலம். லீவுக்கு அவர் வீட்டுக்குப் போனால் என்னையும் கூட்டிப்போவார். சும்மா இல்லை, மூட்டைக்குக் காவல். பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, மூட்டை அத்தனையும் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு அவரிடம் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கட்டுப்பாடு. பெட்டியில் சில அம்மாக்கள் காலுக்கடியில் அரிசிப் பையை மறைத்துக்கொண்டு, சேலையை நன்றாக விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பரிசோதகர் வந்தால் நான் எங்கே பார்க்கக் கூடாது என்பதும் எனக்குச் சொல்லித் தரப்பட்டிருந்தது. அந்த ரயில் பாதையில் வரும் பதிமூன்று கண் பாலத்தை இன்றைக்கு அத்தனை பேரும் நின்று படம் எடுக்கிறார்கள். நான் அதன்மேல் போகும்போது மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

புனலூரில் மாமா காசைக் கொடுத்து, அத்தைக்கு நேந்திரங்காய் வறுவல் கால் கிலோ வாங்கி வரச் சொன்னார். அவர் வரவில்லை. கடைக்காரர் தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "எத்ரயா மோனே வேண்டது?" என்றார். கால் கிலோ என்றேன். மலையாளப் பேப்பரில் பொட்டலம் கட்டி, நூலைச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தார். மீதிக் காசில் நாலணா குறைந்தது. மாமா கணக்குக் கேட்பார். கடைக்காரரிடம் கேட்க எனக்கு மலையாளம் வராது, தமிழில் கேட்க வெட்கம். கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இரண்டு பேருக்கு வியாபாரம் பார்த்தார். பிறகு திரும்பினார். நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளங்கையை விரித்து நீட்டினேன். விரலால் காசைத் தள்ளித் தள்ளி எண்ணினார், சிரித்தார், கல்லாவிலிருந்து நாலணாவை எடுத்து வைத்து, கூடவே இரண்டு வறுவலையும் வைத்தார்.

புனலூரில் 1877இல் கல்லடை ஆற்றின் மேல் கட்டிய தூக்குப்பாலம் இருக்கிறது. நல்ல பாலம்தான், உங்கள் பட்டியலிலும் இருந்திருக்கும். அத்தனை தடவை போயும் அதை நான் கண்ணால் பார்த்தது வேட்டி கட்டின வயதுக்கு அப்புறம். ஆனால் அந்தக் கடைத் தூணில் எந்த உயரத்தில் பெயின்ட் உதிர்ந்திருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். வந்த அன்றே "போர் தாத்தா" என்றான். மறுநாள் காலையில் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். கேரளத்துக்கு இங்கிருந்துதான் லாரி லாரியாகக் காய் போகிறது, ஓணம் நெருங்கினால் நடக்க வழி இருக்காது. நூறு ரூபாய்த் தாளைக் கையில் கொடுத்து, தக்காளி ஒரு கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, மீதிக்கு உனக்குப் பிடித்தது என்றேன். "ஜிபே இல்லையா" என்றான். இல்லை என்றேன். இருந்தது. பத்தடி தள்ளி நின்றுகொண்டேன். முதல் கடையில் அவனை யாரும் திரும்பிப் பார்க்கவே இல்லை. இரண்டாவது கடையில் ஒரு ஆச்சி, "எய்யா, யாரு வீட்டுக்கு வந்திருக்க?" என்று கேட்டார். அவன் முழித்தான். அப்பா பெயர், என் பெயர், பெங்களூர், எத்தனாம் வகுப்பு எல்லாம் வாங்கிய பிறகுதான் வெங்காயம் நிறுத்தார். திரும்பி வந்தவன் கையில் தக்காளியில் பாதி நசுங்கல். முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிற வரைக்கும் அந்த ஆச்சி கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான்.

இதைப் படித்ததும், பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பச் சொல்கிறான் கிழவன் என்று நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். தனியாக அனுப்பச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நில்லுங்கள். ஆனால் வாயைத் திறக்காதீர்கள். அதுதான் உங்களால் முடியாது. பிள்ளை தயங்கினால் "அங்கிளுக்கு சொல்லுடா" என்று நீங்களே முந்திக்கொண்டு கேட்டுவிடுவீர்கள். அவன் தயங்கி நிற்கிற அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இவ்வளவு தூரம் வருகிறீர்கள், அதையும் நீங்களே தின்றுவிட்டால் எப்படி?

காரை மேடவாக்கத்திலேயே விட்டுவிடுங்கள். எழும்பூரிலிருந்து கொல்லம் போகிற ரயில் செங்கோட்டை வழியாகத்தான் போகிறது. 2010இல் மீட்டர் கேஜை நிறுத்தி, 2018இல் அகலப்பாதையில் திரும்பத் திறந்தார்கள். செங்கோட்டையில் மலை ஏறுவதற்குப் பின்பக்கம் இன்னொரு எஞ்சின் மாட்டுவார்கள். பையனை ஓடிப்போய் அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள். டிக்கெட் பெண்ணிடம் இருக்கட்டும். பரிசோதகர் வந்தால் அவள்தான் எடுத்து நீட்ட வேண்டும். ஆறு வயதுக்கு இது பெரிய உத்தியோகம், கசக்கிவிட்டால் திட்டாதீர்கள். புனலூரில் என்ன வாங்க வேண்டும், மாமியாருக்கு எந்தப் பழம் ஆகும், எவ்வளவுக்கு என்று ராத்திரியே பையனிடம் சீட்டு எழுதவையுங்கள். வாங்கியது சொத்தையாக இருந்தால் எல்லோரும் சேர்ந்து தின்னுங்கள். ஏழு ஊரில் ஐந்தை அடித்துவிடுங்கள். எந்த ஐந்து என்று என்னைக் கேட்காதீர்கள்.

போன் கொடுக்காமல் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கையில் இருப்பதை முதலில் பைக்குள் வையுங்கள், அப்புறம் பேசலாம்.

தங்குவதற்குத் தென்காசியில் நல்ல விடுதிகள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். உள்ளே போய் வாடகை எவ்வளவு என்று பையனைக் கேட்கச் சொல்லுங்கள். குறைத்தும் கேட்கட்டும்.