கேட்டது நீங்கள்

கேள்வி: பிரபலமான ராக் குழு உடைந்துபோனால், அதன் பாடகர் புதுக் குழு தொடங்கி ஜெயிக்க முடியுமா? ரசிகர்கள் பழைய பாட்டைத்தானே கேட்பார்கள்?

பதில்: கேட்பார்கள்தான், விடவே மாட்டார்கள். ஆனால் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பிரிட்டிஷ் பங்க் (வேகமான, முரட்டுத்தனமான ராக்) குழுவின் பாடகர் ஜான் லைடனைப் பாருங்கள். 1978 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ கச்சேரியோடு செக்ஸ் பிஸ்டல்ஸ் உடைந்தது. ஜானி ராட்டன் என்ற மேடைப் பெயரையும் உதறிவிட்டு, பழைய நண்பர் ஜா வாபிளை பேஸ் கிட்டார் வாசிக்கச் சொல்லி, அதே வருடம் பப்ளிக் இமேஜ் லிமிடெட் என்ற குழுவைத் தொடங்கிவிட்டார். பழைய பங்க் வேகத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அதிர்ச்சி, ஏனென்றால் இங்கே பேஸ்தான் முன்னால் நின்றது, கிட்டார் கீச்சிட்டது. 1979-ல் வந்த இரண்டாவது ஆல்பம், சினிமா ரீல் வைக்கிற மாதிரியான வட்டத் தகர டப்பாவுக்குள் மூன்று இசைத்தட்டுகள்! வெளியே எடுப்பதற்குள் கீறல் விழுந்துவிடும் என்று புலம்பியவர்களும் உண்டு.

கிறிஸ் கார்னெல் வேறு ரகம். 1997-ல் அவர் பாடிய சவுண்ட்கார்டன் குழு கலைந்த பிறகு தனி ஆல்பம் போட்டார், அப்புறம் 2001-ல் பாடகர் இல்லாமல் இருந்த ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுக்காரர்கள் மூவரோடு சேர்ந்து ஆடியோஸ்லேவ் என்ற புதுக் குழு. கொஞ்ச காலம் போகட்டும் என்று இரண்டு பழைய குழுக்களின் பாட்டுகளையும் தொடாமலே இருந்து, 2005 வாக்கில்தான் மேடையில் பாடினார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சாமர்த்தியம்.