பழைய மிலிட்டரி டார்ச் கடற்கரை இரவுகளுக்கு உதவுமா?

ராணுவத்தில் கழித்துவிட்ட வளைகழுத்து டார்ச்சை வாங்கலாமா, புதிய எல்.இ.டி. டார்ச்சே மேலா என்று கேட்டிருக்கிறீர்கள். தூண்டில் போடவோ கூடாரம் அடித்துத் தங்கவோ எங்கள் ராமநாதபுரம் கரைக்கு வரும் எண்ணம் உங்களுக்கு இருக்கும் என்று கருதிச் சொல்கிறேன்: அசல் கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

ராணுவப் பொருள் மீதுள்ள மோகத்தில் பேசுவதாகச் சிலர் எண்ணலாம். மலிவான எல்.இ.டி. கூட இதைவிடப் பல மடங்கு ஒளி தரும் என்பது எனக்கும் தெரியும். இரவில் கரையில் அந்த ஒளிதான் இடைஞ்சல் என்பதே என் வாதம்.

என்னிடம் இருப்பது வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய எம்.எக்ஸ்-991 வகை. பெரிய கட்டை பேட்டரி இரண்டு போட வேண்டும். தலை பக்கவாட்டில் திரும்பியிருப்பதால், கொக்கியை இடுப்பு வாரில் மாட்டிவிட்டு இரண்டு கைகளாலும் முள்ளில் இரை கோக்கலாம். பல்புக்கு முன்னால் போட்டுக்கொள்ள, அடிமூடிக்குள் சிவப்பு உள்ளிட்ட நிறத் தகடுகள் இருக்கும். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ 30 நிமிடம் ஆகும். வெள்ளை ஒளி சற்றே பட்டாலும் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். இருளில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்கள் சிவப்பை அநேகமாக உணர்வதில்லை என்பதால், மங்கலான சிவப்பு ஒளியில் அவ்வளவாகக் கெடுவதில்லை.

பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவத்தில், ஓர் இரவு சித்தப்பாவுடன் மன்னார் வளைகுடாப் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆமை அலையை விட்டு ஏறிப் பாதித் தூரம் வந்திருந்தபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த சிலர் படம் எடுப்பதற்காக அதன்மேல் எல்.இ.டி. ஒளியைப் பாய்ச்சினார்கள். அது நின்றது, கழுத்தைத் தூக்கியது, பிறகு துடுப்புகளால் மணலைத் தள்ளி அரைவட்டமாகத் திரும்பி, முட்டையிடாமலே கடலுக்குள் போய்விட்டது. “தம்பிகளா, அந்த லைட்ட அமத்துங்கப்பா, சூலோட வந்த உசுரு திரும்பிப் போகுது” என்று சித்தப்பா கத்தினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிவப்பு ஒளியையும் ஆமையின் முகத்துக்கு நேரே காட்டக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த டார்ச்சில் விட்டு விட்டு ஒளிரச் செய்யும் சைகைப் பொத்தான் ஒன்று உண்டு. அதைக் கடலை நோக்கி அழுத்தி விளையாட வேண்டாம். இலங்கைக் கடல் எல்லை அருகில் இருப்பதால், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினர் வந்து விசாரித்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பிளாஸ்டிக் உடல் துருப்பிடிக்காது. ஆனால் எங்கள் உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் சுருள்வில்லும் பித்தளைப் பட்டையும் களிம்பேறிவிடும். ஆகவே வீடு திரும்பியதும் பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலரவிட்டு வையுங்கள். வாங்கும்போதும் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டையைத்தான். அடுத்து மூடியின் ரப்பர் வளையம், பிறகு சிவப்புத் தகடு. பச்சை வண்ணம் பூசிய போலிகளையும் ‘மிலிட்டரி’ என்று சொல்லி விற்கிறார்கள். குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள்: குண்டு பல்பின் ஒளியில் சிவப்பு மிகுதி, வெள்ளை எல்.இ.டி.யில் குறைவு என்பதால், அதன்மேல் சிவப்புத் தகட்டைப் போட்டால் ஒளி வெகுவாக மங்கிவிடும்.