பார்லரோன்: எங்கே வெட்டுவது?

பிரெஞ்சு வினைகளைப் பிரிப்பது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: 'நூ பார்லரோன்' (நாங்கள் பேசுவோம்) என்பதை வரிக் கடைசியில் 'பார்ல்-எரோன்' என்று உடைத்தேன். மதிப்பெண் போய்விட்டது. பகுதி 'பார்ல்' தானே?

பதில்: பகுதி அதுதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் வரிக் கடைசியில் பார்ப்பது பகுதியை அல்ல, அசையை. பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டையும் தனித்தனியாகப் படித்தோமே! 'பேசுவோம்' என்பதைப் பகுபத உறுப்பாகப் பிரித்தால் பேசு + வ் + ஓம். அலகிட்டால் பே / சுவோம், நேர் நிரை. 'பேசு' என்ற பகுதி அங்கே நடுவில் அறுபடுகிறது. பிரெஞ்சிலும் அதே கதைதான்: உறுப்பு பார்ல் + எர் + ஓன், அசை பார்-ல-ரோன். இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் வந்தால் பின்னுள்ள உயிரோடு போகும். இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்று. நோட்டில் சொல்லுக்கு மேலே அசைக்குச் சாய்கோடும், கீழே உறுப்புக்குக் கூட்டல் குறியும் போட்டுப் பழகுங்கள். என் மாணவர்களுக்கு இதுதான் கைகொடுத்தது.

கேள்வி: அந்த 'எர்' எதிர்கால இடைநிலையா?

பதில்: இன்றைக்கு அப்படிப் பிரிப்பதே வசதி. பிறந்த கதை வேறு. பிற்கால இலத்தீனில் வினையின் மூலவடிவத்தோடு 'ஹபேரே' (கொண்டிரு) என்ற துணைவினையைச் சேர்த்து எதிர்காலம் சொன்னார்கள். நாம் 'பேச இருக்கிறோம்' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. நாளடைவில் துணைவினை தேய்ந்து விகுதியாக ஒட்டிக்கொண்டது. 'ழ பார்லரே' (நான் பேசுவேன்) என்பதன் கடைசி 'ஏ' இன்றும் 'ழே' (என்னிடம் இருக்கிறது) என்பதில் அப்படியே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கேள்வி: 'ஃபினிஸோன்' (முடிக்கிறோம்) என்பதில் இரண்டு 'ஸ்' எழுதுகிறோமே, எங்கே வெட்டுவது?

பதில்: உறுப்பு ஃபின் + இஸ்ஸ் + ஓன். வரிக் கடைசியில் வெட்டினால் இரண்டு 'ஸ்'ஸுக்கும் நடுவில்: ஃபி-நிஸ்-ஸோன்.

கேள்வி: 'மான்ழோன்' (சாப்பிடுகிறோம்) என்பதில் 'ஓ'வுக்கு முன்னால் ஓர் 'எ' எழுதுகிறார்களே, அது எந்த உறுப்பு?

பதில்: எதுவுமில்லை. அதை எடுத்துவிட்டால் 'மான்கோன்' என்று படிக்க வேண்டிவரும். ஒலியைக் காக்க நிற்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: 'ஈல் பார்ல்' (அவர்கள் பேசுகிறார்கள்): எழுத்தில் மூன்றெழுத்து விகுதி, வாயில் ஒன்றும் இல்லை. அசை எத்தனை?

பதில்: வினைக்கு மட்டும் சொன்னால், பேச்சில் 1. மரபுச் செய்யுளில், 12 அசை கொண்ட 'அலெக்ஸாந்த்ரான்' அடியின் நடுவே வந்தால் 2, அடியின் கடைசியில் வந்தால் மறுபடியும் 1.